வண்டிக்குப் பொருந்தாத எண்: சட்டம் விதிக்கும் தண்டனைகள்

‘தவறான நம்பர் பிளேட்’ என்ற பெயரில் தனிக் குற்றம் எதுவும் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. சாலையில் வண்டியை மறிக்கும் போக்குவரத்துக் காவலர் ஒரே சொல்லால் குறிப்பிடும் இந்தத் தவற்றைச் சட்டம் பல துண்டுகளாக்கி வெவ்வேறு பிரிவுகளில் வைத்திருக்கிறது. எழுத்து வளைந்திருப்பதும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முகவரி பொய்யாக இருப்பதும், இன்னொருவர் வண்டியின் எண்ணைத் தன் வண்டியில் மாட்டிக்கொள்வதும் பார்வைக்கு ஒரே பலகையில் நடக்கும் காரியங்கள். ஆனால் முதலாவதற்கு 500 ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடலாம். மூன்றாவதற்கு ஏழு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். பலகையில் இருப்பது எந்த வகைப் பிழை என்று தெரிந்தால்தான் தண்டனை எது என்று சொல்ல முடியும்.

புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இந்த வேறுபாடுகளைப் பார்க்க ஏற்ற இடம். மார்க்கெட் நேரத்தில் நெல்லித்தோப்புச் சாலைகளில் நகரும் வண்டிகளில் பி.ஒய். 01 என்ற புதுச்சேரி எண்ணோடு டி.என். 31 கடலூர், டி.என். 32 விழுப்புரம், டி.என். 16 திண்டிவனம் எண்களும் கலந்தே வரும். புதுச்சேரி நகரமும் அதைச் சூழ்ந்த தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கோட்டக்குப்பத்தில் குடியிருந்து நெல்லித்தோப்பில் கடை வைத்திருப்பவர் தினமும் இரண்டு முறை எல்லை தாண்டுகிறார். ஒன்றியப் பிரதேசத்தின் மற்றப் பகுதிகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உள்ளன: காரைக்காலுக்குப் பி.ஒய். 02, கேரளக் கரையில் மாஹேவுக்குப் பி.ஒய். 03, ஆந்திரத்துக்குள் ஏனாமுக்குப் பி.ஒய். 04. புதுச்சேரி நகரை ஒட்டிய உழவர்கரைக்குப் பி.ஒய். 05. பிரெஞ்சு ஆட்சி வரைந்த சிதறிய எல்லைகள் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகும் அப்படியே நின்றன. ஒரு வண்டி உண்மையில் எந்த ஊரைச் சேர்ந்தது என்ற கேள்வி இங்கே எழுவதுபோல் வேறு ஊர்களில் அடிக்கடி எழுவதில்லை.

மோட்டார் வண்டிக்கு எண் கட்டும் வழக்கமே பிரான்சில் பிறந்தது. பாரிஸ் காவல்துறை 1893 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஆணையில், உரிமையாளரின் பெயரும் முகவரியும் ஒப்புதல் எண்ணும் கொண்ட தகடு ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் இருக்க வேண்டும் என்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1914-இலும் 1939-இலும் மோட்டார் வாகனச் சட்டங்கள் வந்தன. இன்றைய சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பதிவு அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம் என்ற இப்போதைய அமைப்பும் அப்போது வந்ததுதான்.

இந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் வேர். பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக்கூடாது, உரிமையாளர் ஓட்டவிடவும் கூடாது என்று அது சொல்கிறது. அதே வாக்கியத்திலேயே இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: வண்டியில் பதிவெண் விதிக்கப்பட்ட முறையில் காட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த ஒரு சொற்றொடரால் நடைமுறையில் பெரிய குழப்பம் உண்டாகிறது. எழுத்தின் அளவு பிசகியதை விதிமீறலாக மட்டும் கொண்டால் 177-ஆம் பிரிவின் பொது அபராதம்: 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை. அதையே 39-ஆம் பிரிவை மீறியதாகக் கொண்டால் 192-ஆம் பிரிவு வந்துவிடும். அதில் முதல் குற்றத்துக்கு 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 வரை அபராதம். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஒரே மாதிரிப் பிழைக்கு ஓரூரில் ஐந்நூறும் இன்னோர் ஊரில் ஐயாயிரமும் கேட்கப்படுவதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் 200-ஆம் பிரிவு. நீதிமன்றம் போகாமல் அங்கேயே கட்டி முடிக்கும் சமரசத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அது மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. 2019 செப்டம்பரில் புதிய அபராதங்கள் வந்த கையோடு குஜராத் பல தொகைகளைக் குறைத்து அறிவித்தது இந்த அதிகாரத்தைக் கொண்டுதான்.

எழுத்தும் தகடும்

பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50, 51-ஆம் விதிகள் வகுக்கின்றன. எழுத்து ஆங்கிலத்திலும் எண் வழக்கமான 1, 2, 3 வடிவிலும் இருக்க வேண்டும். பைக்கின் முன்பலகையில் 30 மில்லிமீட்டர் உயரம். பின்பலகையில் எழுத்துக்கு 35, இலக்கத்துக்கு 40. காருக்கும் லாரிக்கும் 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், எழுத்துகளுக்கிடையே 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஓடும் வண்டியின் எண்ணைச் சாலையோரம் நிற்பவர் ஒரு நொடியில் படித்துவிட வேண்டும் என்பதற்காக வைத்த அளவுகள் இவை.

ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் மீறப்படுவதும் இந்த அளவுகள்தான். 8055 என்ற எண்ணை ‘பாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்போல வளைத்து எழுதுவது, எண்ணைச் சிறிதாக்கி நடுவில் தலைவர் படத்தையோ நடிகர் படத்தையோ ஒட்டுவது, கட்சிக் கொடியின் நிறத்தில் பலகை அடிப்பது எல்லாம் 177-ஆம் பிரிவின் கீழ் வரும். தமிழ் எழுத்தில் பதிவெண் எழுதுவதும் இதே கணக்கில் சேரும். தாய்மொழிப் பற்றால் அப்படி எழுதுகிறவர்களின் உணர்வை மதிக்கலாம். ஆனால் மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் காரைக்காலில் தமிழுமாகப் பலகைகள் எழுதப்பட்டால், விபத்துக்குள்ளான ஒருவர் தன்னை இடித்த வண்டியின் எண்ணைப் பக்கத்து மாவட்டக் காவலரிடம்கூடச் சொல்ல முடியாமல் போகும். ஒரே எழுத்து வேண்டும் என்ற விதி விபத்தில் அடிபட்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பலகையில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ என்று எழுதுவதும் அரசு வண்டி என்று காட்டும் ஜி எழுத்தை ஒட்டுவதும் அதிகாரத்தைக் கடன் வாங்கும் செயல்கள். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2 முதல் இப்படிப்பட்ட ஒட்டிகள்மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. முதல் முறை 500, மறுமுறை 1,500 ரூபாய் என்று அறிவித்தது. வண்டி உரிமையாளர் அந்தத் தொழிலில் இல்லை என்று தெரிந்து, அந்தச் சொல்லைக் காட்டி யாரையாவது ஏமாற்றியதும் தெரிந்தால் விஷயம் போக்குவரத்து அபராதத்தைத் தாண்டி ஆள்மாறாட்ட வழக்காகிவிடும்.

நிறமும் பதிவெண்ணின் ஒரு பகுதியே. சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு, சொந்தமாக ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கறுப்பில் மஞ்சள், மின்வண்டிக்குப் பச்சை, தற்காலிகப் பதிவுக்கு மஞ்சளில் சிவப்பு, விற்பனையாளரிடம் இருக்கும் வண்டிக்குச் சிவப்பில் வெள்ளை. வெள்ளைப் பலகை போட்ட காரை வாடகைக்கு ஓட்டினால் குற்றம் பலகையோடு நிற்பதில்லை. அனுமதியின்றி வாடகை ஓட்டியதாக 192-அ பிரிவு வரும்; காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் அது வழி திறந்துவிடும். கடற்கரைக்கு வரும் பயணிகளுக்குப் பைக்குகளை வாடகைக்கு விடும் தொழில் நடக்கும் புதுச்சேரியில் இந்த நிற வேறுபாட்டை வாடகைக்கு எடுப்பவரும் கவனிப்பது நல்லது.

உயர் பாதுகாப்புப் பலகை இதன் அடுத்த கட்டம். 2001-இலேயே விதி எழுதப்பட்டும் மாநிலங்கள் பல ஆண்டுகள் அசையவில்லை. மனிந்தர்ஜித் சிங் பிட்டா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-12 வாக்கில் மாநிலங்களை நெருக்கியது. 2019 ஏப்ரல் 1 முதல் வண்டி தயாரிப்பாளர்களே புதிய வண்டிகளுக்கு இந்தப் பலகையைத் தர வேண்டியதாயிற்று. ஒரு மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடு, 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரால் பொறித்த தனி எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு ஆகியவை இதன் அடையாளங்கள். முன்கண்ணாடியில் ஒட்டும் வண்ண ஒட்டி மூன்றாவது பதிவு அடையாளம்: பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு. நீல நிறத்தில் ஐ.என்.டி. என்று அச்சிட்டுத் தெருக்கடையில் கொடுக்கும் தகடு இதைப் போலவே தோன்றும். ஆனால் அதில் உள்ள லேசர் எண் எந்தத் தரவிலும் இருக்காது. உயர் பாதுகாப்புப் பலகை இல்லாததற்கு டெல்லியில் 2020 இறுதியில் 5,500 ரூபாய் வரை வசூலிக்கத் தொடங்கினார்கள். அங்கே இதை 192-ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தார்கள் என்பது தொகையிலேயே தெரிகிறது.

பதிவே இல்லாத வண்டி

ஷோரூமிலிருந்து எடுத்த வண்டியில் ‘ஏ/எஃப்’ என்று எழுதி மாதக்கணக்கில் ஓட்டும் பழக்கம் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. விண்ணப்பித்துவிட்டோம் என்று பொருள்படும் அந்த எழுத்துகளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. விற்பனையாளர் வழியே பதிவாகும் புதிய வண்டியில் எண் மாட்டும்வரை அதை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றே 2019 திருத்தம் எழுதியது. பதிவில்லாத வண்டியைக் கைப்பற்றி நிறுத்திவைக்க 207-ஆம் பிரிவு காவலருக்கு அதிகாரம் தருகிறது.

இந்தத் தவற்றின் உண்மையான விலை அபராதத்தைவிடப் பல மடங்கு. புதிதாக வாங்கிய ஒரு பொலேரோவின் தற்காலிகப் பதிவு 2011 ஜூலையில் முடிந்துபோனது. சில நாட்களில் ஜோத்பூரில் வண்டி திருடுபோயிற்று. காப்பீடு நடப்பில் இருந்தும், செல்லத்தக்க பதிவில்லாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறியது என்று 2021 செப்டம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளருக்கு இழப்பீடு இல்லை. சுஷீல் குமார் கோதாரா வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்பு, 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் சொன்னதையே உறுதி செய்தது. சில ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குத் துணிகிறவர் தன் வண்டியின் முழு விலையையும் பணயம் வைக்கிறார்.

எண் உண்மை, முகவரி பொய்

புதுச்சேரியின் பெயரை நாடு முழுக்க அறியச் செய்த பதிவெண் விவகாரம் வேறு வகை. அங்கே பலகையில் எழுத்துப் பிழை இல்லை, எண் போலி இல்லை, ஆர்.சி.யும் அரசு அலுவலகமே கொடுத்தது. முகவரி மட்டும் உண்மையில்லை என்பது குற்றச்சாட்டு.

காரணம் வரி. மோட்டார் வாகன வரி அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி விதிக்கிறது. கேரளம் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அப்போது விலையில் 20 சதவீதம் கேட்டது. ஒரு கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம். புதுச்சேரியில் விலையோடு வளராத நிலையான தொகைப் படிநிலைகள் இருந்ததால் அதே காருக்கான வரி மிகச் சிறியதாக இருந்தது. 1988 சட்டத்தின் 40-ஆம் பிரிவு, உரிமையாளர் குடியிருக்கும் இடத்தில் அல்லது தொழில் நடத்தும் இடத்தில், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் எல்லைக்குள் பதிய வேண்டும் என்கிறது. ஆக வரியைக் குறைக்கப் புதுச்சேரியில் ஒரு வாடகை முகவரி இருந்தால் போதும் என்ற நிலை உருவானது. சொகுசுக் கார் வாங்கிய வெளிமாநிலத்தவர்களின் பெயர்கள் புதுச்சேரிக் குடியிருப்புப் பகுதிகளின் கதவிலக்கங்களோடு பதிவேட்டில் ஏறின.

2017 இறுதியில் இது வெடித்தது. மலையாளத் திரையுலகின் நட்சத்திரங்கள் சிலரும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் புதுச்சேரியில் பதிந்த கார்களைக் கேரளத்தில் ஓட்டுவதாகச் செய்திகள் வந்தன. கேரள மோட்டார் வாகனத் துறை விளக்கம் கேட்டது. குற்றப்பிரிவுக் காவல்துறை மோசடி, போலி ஆவணம் ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிந்தது. புதுச்சேரியில் அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி விசாரணை நடத்தச் சொன்னார். நெல்லித்தோப்புத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக அந்நாளில் இருந்தவர் முதலமைச்சர் வே. நாராயணசாமி, 2016 நவம்பர் இடைத்தேர்தலில் வென்றவர். ஆளுநருக்கும் அரசுக்கும் ஏற்கெனவே இருந்த உரசலில் இந்த விவகாரமும் சேர்ந்துகொண்டது.

அந்த வழக்குகள் சென்ற வழிதான் இதில் கவனிக்கத்தக்கது. ஒரு நடிகர் கேரளத்துக்கான வரியைக் கட்டி முடித்தார். ஒரு நடிகையின் கார் வழக்கில், வண்டி வாங்கப்பட்டது பெங்களூரு, பதிவானது புதுச்சேரி, ஆகவே கேரள எல்லைக்குள் நடந்த குற்றமாக இதை நடத்த முடியாது என்ற முடிவுக்குக் கேரளக் காவல்துறை வந்தது. வருவாய் இழந்ததாகச் சொல்லும் மாநிலத்துக்கு வழக்கு நடத்த அதிகார எல்லை இல்லை; எல்லை உள்ள மாநிலத்துக்கு வருவாய் இழப்பே இல்லை, வரவுதான். மாநிலங்களுக்கு இடையே வரி வேறுபடும்வரை இந்த ஓட்டை ஏதாவது ஒரு வடிவில் இருந்தே தீரும்.

இவ்வகைத் தவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனைகளில் ஒன்று மிக லேசானது, ஒன்று மிகக் கடுமையானது. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, ஊரில் எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி., 48-ஆம் பிரிவின் கீழ் வருவது. 30 நாளில் பதில் இல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும். ஒரே ஊரில் வீடு மாறினாலும் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 49. இவற்றை மீறினால் வருவது சில நூறு ரூபாய் அபராதம் மட்டுமே. 20 லட்ச ரூபாய் வரியைத் தட்டிக்கழிக்க நினைப்பவரை அது தடுக்காது.

கடுமையான பக்கம் 192-ஆ பிரிவு. 2019 திருத்தச் சட்டம் இதைப் புதிதாக எழுதிச் சேர்த்தது. பொய்யான ஆவணத்தையோ பொய்யான தகவலையோ கொடுத்துப் பதிவு வாங்கிய உரிமையாளருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை. அதோடு ஆண்டு வரியின் பத்து மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு, எது அதிகமோ அது அபராதம். இன்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டாலும் இதே தண்டனை. உடந்தையான விற்பனையாளருக்கும் சிறை உண்டு. அபராதத்தை வரியோடு பிணைத்தது இந்தப் பிரிவின் சிறப்பு. வரி உயர உயரத் தண்டனையும் உயரும். இதற்கு முன்பே 55-ஆம் பிரிவு, பொய்த் தகவலால் கிடைத்த பதிவை உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டபின் ரத்து செய்யும் அதிகாரத்தைப் பதிவு அலுவலருக்குத் தந்திருந்தது. ஆக, அதிகாரம் 1989-இலிருந்தே கைவசம் இருந்தது. முகவரியை நேரில் போய்ப் பார்க்கும் வேலைதான் நடக்கவில்லை. வாடகை ஒப்பந்தமும் உறுதிமொழிப் பத்திரமும் ஒரே கதவிலக்கத்தில் மீண்டும் மீண்டும் வரும்போது ஒரு எழுத்தர் நிமிர்ந்து கேட்டிருந்தால் பல வழக்குகள் பிறந்தே இருக்காது.

நேர்மையாக இரு மாநிலத்தில் வாழ்கிறவர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்ப்பது அநியாயம். கோட்டக்குப்பத்தில் வீடும் நெல்லித்தோப்பில் கடையும் உள்ளவர் கடை முகவரியில் பி.ஒய். எண் வாங்குவதற்கு 40-ஆம் பிரிவே இடம் தருகிறது, வண்டி வழக்கமாக அங்கே நிற்குமானால். ஓயாமல் ஊர் மாறும் அரசு ஊழியருக்கும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவன ஊழியருக்கும் 2021 செப்டம்பர் 15 முதல், மாநிலம் மாறினாலும் எண் மாற்ற வேண்டாத பி.எச். வரிசை கிடைக்கிறது. இரண்டிரண்டு ஆண்டுக்கு வரி கட்டினால் போதும். 10 லட்சத்துக்குக் கீழ் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்ற கணக்கில்.

ஆம்னி பேருந்துகளில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், புதுச்சேரி எண்களோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேருந்துகளை 2024 ஜூன் நடுவிலிருந்து ஓடவிட மாட்டோம் என்று தமிழகப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அகில இந்தியச் சுற்றுலா அனுமதி வாங்கியவை சுற்றுலாவுக்கு ஓடாமல் அன்றாடப் பயணச்சீட்டுச் சேவை நடத்தின என்பது துறையின் வாதம். முன்பதிவு செய்திருந்த பயணிகள்தான் நடுவில் தவித்தார்கள்.

விற்ற வண்டி, மாறாத பெயர்

பழைய வண்டி விற்கும்போது 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 50-ஆம் பிரிவு வேறு சொல்கிறது. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வேறு மாநிலம் என்றால் 45 நாளில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். புரோக்கர் கையில் மாறாமல் கிடக்கும் ஆர்.சி.யோடு வண்டி மூன்று நான்கு கை மாறும். பலகையில் இருக்கும் எண் சரி, ஆனால் அது சுட்டும் ஆள் தவறு.

நவீன் குமார் வழக்கில் 2018 பிப்ரவரி 6-இல் உச்ச நீதிமன்றம் இதன் விளைவைத் தெளிவாகச் சொன்னது. பல கை மாறிய ஒரு கார் விபத்தை உண்டாக்கியது. பதிவேட்டில் பெயர் மாறாததால் முதல் உரிமையாளரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2(30) பிரிவின்படி ‘உரிமையாளர்’ என்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு விற்பனையாகத் துரத்திக்கொண்டு போக முடியாது என்ற நியாயம் அதன் பின்னால் இருக்கிறது. விற்றதை உரிய காலத்தில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்காதவருக்குச் சட்ட அபராதம் சிறிது. விபத்து நடந்தால் வரும் சுமை குடும்பத்தையே சாய்த்துவிடும்.

இன்னொருவர் எண்

எல்லாவற்றிலும் கொடியது வேறொரு வண்டியின் எண்ணை மாட்டிக்கொண்டு ஓட்டுவது. திருட்டு வண்டியை மறைக்க, சங்கிலிப் பறிப்புக்கு, கடன் தவணை கட்டாத வண்டியைப் பைனான்ஸ்காரர் கண்ணிலிருந்து ஒளிக்க, அல்லது கேமரா அபராதம் வேறு யாருக்காவது போகட்டும் என்று இது செய்யப்படுகிறது. நிறமும் மாடலும் ஒத்த வண்டியின் எண்ணாகத் தேர்ந்தெடுத்தால் சாலையில் கண்டுபிடிப்பது கடினம். காவலர் கைப்பேசியில் ‘வாகன்’ என்ற அரசுப் பதிவுத் தரவில் எண்ணைத் தட்டினால் அதே நிறமும் மாடலுமே வரும். பிடிபடுவது பெரும்பாலும் சேஸிஸ் எண்ணைப் பார்க்கும்போது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-ஆம் பிரிவு இங்கே முக்கியம். வண்டியில் உள்ள அடையாளக் குறி இந்தியத் தண்டனைச் சட்டம் 464-ஆம் பிரிவு சொல்லும் பொய் ஆவணம் என்று நம்பக் காரணம் இருந்தால் காவலர் அதைக் கைப்பற்றி, அது எப்படி வந்தது என்று ஓட்டுநரையோ உரிமையாளரையோ விளக்கச் சொல்லலாம். நம்பர் பிளேட்டும் ஓர் ஆவணம், அதைப் பொய்யாகச் செய்வதும் போலி ஆவணம் செய்வதும் ஒன்று என்பதைச் சட்டமே இதில் ஏற்றுக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளது. அதன் 336-ஆம் பிரிவில் போலி ஆவணம் செய்வதற்கு இரண்டு ஆண்டு வரையும், ஏமாற்றும் நோக்கத்தோடு செய்வதற்கு ஏழு ஆண்டு வரையும் சிறை. 340-ஆம் பிரிவில் போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தியவருக்கும் செய்தவருக்கான தண்டனையே. 318-ஆம் பிரிவின் மோசடிக்கு ஏழு ஆண்டு வரை. பலகையைக் கழற்றி எடுத்தது திருட்டானால் 303-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை. எண்ணை மாற்றி எழுதித் தந்த கடைக்காரரும் விஷயம் தெரிந்தே செய்திருந்தால் கூட்டாளியாகிறார். ஆர்.சி.யைப் பார்க்காமல் எந்த எண்ணையும் வெட்டித் தரும் ஸ்டிக்கர் கடைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

புதுச்சேரிக்குப் பழைய உறவுள்ள பிரான்சில் இதைச் சட்டம் இன்னும் நேரடியாகப் பிடிக்கிறது. அங்கே போக்குவரத்துச் சட்டத் தொகுப்பில் போலிப் பலகையோடு ஓட்டுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 3,750 யூரோ வரை அபராதமும் உண்டு. இன்னொரு வண்டிக்கு உரிய எண்ணைத் திருடி, அதன் உரிமையாளர்மீது வழக்கு வரும் சூழலை உண்டாக்கியவருக்கு 2004-இல் தனிக் குற்றமே வகுத்தார்கள்: ஏழு ஆண்டு வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். தான் செய்யாத தவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிவந்த மூன்றாம் மனிதரின் துன்பத்தைக் குற்றத்தின் அளவுகோலாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு தனிப் பிரிவு இல்லாதது பெரிய குறை. மோசடி, போலி ஆவணம் என்று பொதுப் பிரிவுகளில் வழக்கு நடத்தும்போது எண் திருடப்பட்டவர் சாட்சியாக மட்டுமே நிற்கிறார்.

அவர் படும் பாடு சிறிதன்று. வேகக் கேமராவும் சிக்னல் கேமராவும் எண்ணை மட்டுமே படிக்கின்றன, ஓட்டியவரைத் தெரிந்துகொள்வதில்லை. 2021-இல் சேர்க்கப்பட்ட 167-அ விதிப்படி கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். போகாத ஊரில், ஓட்டாத நேரத்தில் செய்த குற்றத்துக்குச் சலான் வந்தால் அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது ஆபத்து. குற்றம் செய்த வண்டி தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சலானில் உள்ள படத்தையும் தன் வண்டியின் படத்தையும் ஒப்பிட்டு, கீறல், ஒட்டி, கண்ணாடி, சக்கரம் என்று வேறுபடும் இடங்களைக் காட்டி, அன்று வண்டி இருந்த இடத்துக்கான சான்றோடு போக்குவரத்துக் காவலில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பலகை தொலைந்தாலோ திருடுபோனாலோ உடனே காவல் நிலையத்தில் புகார் செய்வதும் அதே காரணத்துக்காகத்தான். பின்னால் அந்த எண்ணோடு ஒரு குற்றம் நடந்தால் அந்தப் புகாரின் தேதி காப்பாற்றும்.

பொய் எண்ணின் கடைசிப் பாரம் விபத்தில் விழுந்தவர்மீது இறங்குகிறது. இடித்த வண்டியின் எண் உண்மையானால் காப்பீட்டு நிறுவனத்தைக் கண்டுபிடித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வருமானம், வயது, சார்ந்திருப்போர் எண்ணிக்கை எல்லாம் கணக்கிட்டு இழப்பீடு கேட்கலாம். எண் பொய்யாகி வண்டி தெரியாமல் போனால் மிஞ்சுவது 161-ஆம் பிரிவின் கீழ் இடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கான நிலைத்த தொகை: 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் அது 25,000-உம் 12,500-உமாக இருந்தது. சம்பாதிக்கும் ஒருவரை இழந்த குடும்பத்துக்குத் தீர்ப்பாய இழப்பீட்டுக்கும் இந்த நிலைத்த தொகைக்கும் உள்ள இடைவெளி பல லட்சம். அந்தப் பணத்தை அவர்களிடமிருந்து பறித்தது ஒரு பொய்ப் பலகை.

எந்த வகையானாலும் ஓட்டியவரும் உரிமையாளரும் தனித்தனியே பொறுப்பாளிகள். 39-ஆம் பிரிவு ஓட்டுவதையும் ஓட்டவிடுவதையும் சேர்த்தே தடுக்கிறது. நண்பர் வண்டியை வாங்கி ஓட்டியவர் பலகையைப் பார்க்கவில்லை என்று சொல்வது எழுத்துப் பிழை வழக்கில் எடுபடாது. போலி ஆவண வழக்கில் மட்டும், தெரிந்தே செய்தாரா என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். கைப்பற்றிய வண்டியை மீட்பது தனி வேலை. அபராதத்தோடு முடியும் வழக்கில் பணம் கட்டிப் பலகையை மாற்றியதும் வண்டி கிடைத்துவிடும். குற்ற வழக்கில் சேர்ந்த வண்டிக்கு நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்ய வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457-ஆம் பிரிவுகளில் இருந்த இந்த வழி இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. காவல் நிலைய வாசலில் வண்டிகள் துருப்பிடித்துக் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை, படம் எடுத்துக்கொண்டு, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விரைவில் விடுவியுங்கள் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு கொடுப்பவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது ஆர்.சி.; அதில் உள்ள சேஸிஸ் எண் வண்டியின் உடலில் பொறித்ததோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருந்தால்தான் சாவி கைக்கு வரும்.